கயிற்றில் ஏறச் சொன்னால் ஏறத்தான் வேணுமா?

'லீடர்ஷிப் காம்ப்' என்றதும் எங்களில் கனபேருக்கு முதலில் ஞாபகம் வருவது கயிறுகள்தான். இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டிய கயிற்றில் நடப்பது, கயிற்று வலையின் ஓட்டைக்குள்ளால் ஒருவரைத் தூக்கி மற்றப் பக்கம் கொடுப்பது, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வது. பின்னால் நிற்கிறவர்கள் பிடிப்பார்கள்தானே என்றொரு நம்பிக்கை. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், கதை கப்பலிலும் போரிலும் போய் நிற்கிறது.

ஜோர்ஜ் ஹேபேர் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902இல் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சென் பியேர் நகரமே அழிந்தது. ஏறக்குறைய 30,000 பேர் இறந்தார்கள். அப்போது அங்கே கடமையில் இருந்த ஹேபேர், உடல் பலம் என்பது அடுத்தவருக்கு உதவுவதற்காகவே என்ற முடிவுக்கு வந்தார். ஓடுதல், ஏறுதல், சமநிலையில் நடத்தல், சுமத்தல் என்று அவர் அமைத்த பயிற்சிமுறையை இராணுவங்கள் எடுத்துக்கொண்டன. படைமுகாம்களில் காணும் தடைதாண்டும் பாதைக்கு அதுவும் ஒரு வேர்.

இன்னொரு வேர் கேர்ட் ஹான். ஜேர்மனியில் சாலெம் பாடசாலையை நடத்திய யூதர். 1932இல் நாசிகள் ஒரு தொழிலாளியை அடித்துக் கொன்றபோது, ஹிட்லர் கொலையாளிகளின் பக்கம் நின்றார். ஹான் சும்மா இருக்கவில்லை. சாலெமா, ஹிட்லரா என்று தெரிவு செய்யுங்கள் எனப் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் கைது செய்யப்பட்டு, விடுதலையான பிறகு பிரித்தானியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. உயிர்காப்புப் படகுகளில் பழைய மாலுமிகள் தாக்குப்பிடிக்க, இளைஞர்கள் முதலில் சோர்ந்து போகிறார்கள் என்று கப்பல் கம்பனி முதலாளி லோரன்ஸ் ஹோல்ற் கவலைப்பட்டார். குறைவது உடல் பலமல்ல, அனுபவமும் தன்னம்பிக்கையும் என்று அவரும் ஹானும் நம்பினார்கள். 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் 'அவுட்வேர்ட் பவுண்ட்' பள்ளி தொடங்கியது அப்படித்தான்.

1960களின் தொடக்கத்தில் அது அமெரிக்காவின் கொலராடோவுக்குப் போனது. அங்கே கயிற்றுப் பாதைகளும் பயிற்சியில் சேர்ந்தன. 1971இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு உயர்பாடசாலையில் தொடங்கிய 'புரொஜெக்ட் அட்வெஞ்சர்' அதைச் சாதாரண மாணவர்களிடம் கொண்டுவந்தது. மலைக்குப் போகத் தேவையில்லை, பாடசாலை வளவே போதும். அந்த அமைப்பு வளர்த்தெடுத்த ஒரு விதிதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது: சவாலை ஏற்பதா, எவ்வளவு தூரம் போவதா என்பதை மாணவரே தீர்மானிக்கலாம். 'எனக்கு ஏலாது' என்று சொன்னவரும் குழுவுக்கு வெளியே இல்லை. கீழே நின்று கயிறு பிடிக்கலாம். முடிந்தபின் எல்லோரும் வட்டமாக இருந்து கதைப்பார்கள்: யார் பயந்தது, யாரின் சொல்லை ஒருவரும் கேட்கவில்லை, ஏன்? உண்மையில் பாடம் அங்கேதான் நடக்கிறது.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு 2011 ஞாபகம் வந்தது. அந்த வருடம் மே மாதம், இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவான மாணவர்களுக்குப் படைமுகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி தொடங்கியது. கட்டாயம் என்றார்கள். மாணவர் அமைப்புகள் எதிர்த்தன. உயர் நீதிமன்றம் வரை மனுக்கள் போயின. போர் முடிந்து இரண்டே வருடம். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு முகாம் வாசல் என்ன அர்த்தம் தரும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஓடுவதும் ஏறுவதும் எங்கேயும் ஒன்றுதான். ஆனால் மறுக்க ஏலாத இடத்தில் பழகுவது தலைமைத்துவமா, கீழ்ப்படிவா? ஹிட்லருக்குக் கீழ்ப்படிய மறுத்த ஒருவரின் வழியில் வந்த பயிற்சி இது என்பதை மறந்துவிடக் கூடாது.

காம்ப்களை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கட கழகங்களும் நடத்தட்டும். ஆனால் ஏறப் பயந்த தங்கச்சியைப் பார்த்துச் சிரிக்காமல், அவவின் கையில் கயிற்றின் மற்ற நுனியைக் கொடுக்கிற காம்பாக அது இருக்கட்டும். முடிவில் ஒரு மணித்தியாலமாவது இருந்து கதைப்போம்.