கேளிக்கைப் பூங்காக்களில் நுகர்வோர் புகார்: சட்டமும் சான்றும்

1. சிக்கலும் எல்லையும்

கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வரும் குடும்பங்கள் குறைகளோடு திரும்புவது புதிதல்ல. பெரிய ராட்டினங்களில் இரண்டு பழுதென்று நிறுத்தப்பட்டிருக்கும். லாக்கர் முன்பணத்தில் ஏதோ பிடித்தம் செய்திருப்பார்கள். தெருக்கடையில் கிடைக்கும் அதே தண்ணீர் பாட்டில் உள்ளே வேறு விலைக்கு விற்கும். அக்கம்பக்கத்தில் சொல்லி ஆற்றிக்கொள்வார்கள். கோபக்காரர்கள் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போடுவார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கு அத்தாட்சியும் வாங்கி வருகிறவர் அபூர்வம்.

இதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்பது ஒன்று. சட்டத்துக்குப் பல் இல்லை என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை, இரண்டாவது பெரும்பாலும் தவறு. இந்தத் துறையில் இந்தியச் சட்டம் நாம் நினைப்பதைவிட வலுவானது. புகாரை நிறுவத் தேவையான சான்று ஏறக்குறைய முழுவதும் புகாருக்கு உள்ளானவர் கையிலேயே இருக்கிறது என்பதுதான் உண்மையான தடை. இக்கட்டுரை இதை நிறுவ முயல்கிறது. தமிழ்நாட்டுப் பூங்காக்களும், தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பேருந்துகள் வழக்கமாகப் போகும் கொச்சி, பெங்களூர்ப் பூங்காக்களும் இதன் களம். ஓரிடத்தில் மட்டும் ஒப்பீட்டுக்காக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போகிறோம்.

2. விற்கப்படும் பொருள்

மிக்சி பழுதென்றால் மிக்சியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம். பூங்கா விற்பது ஒரு பகல்பொழுதை. மாலையில் அது தீர்ந்துவிடுகிறது. குறையைக் காட்டக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆனாலும் அது சட்டத்தின் பார்வைக்குத் தப்பவில்லை. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே 'சேவை' என்பதற்குள் கேளிக்கையையும் பொழுதுபோக்கையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. அதன் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தக்கவைத்துக்கொண்டது. கட்டணமில்லாச் சேவை விலக்கு என்றாலும், பணம் கொடுத்தவர் மட்டுமே நுகர்வோர் என்று சட்டம் சொல்லவில்லை. அவர் ஒப்புதலோடு பயன்பெறுகிறவரும் நுகர்வோரே. பல பூங்காக்களில் குழந்தைக்குக் கட்டணம் உயரத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை. அந்தக் குழந்தை வழுக்கி விழுந்தால் 'நீ இலவசமாக வந்தவன்' என்று கைகழுவ முடியாது. கட்டணம் செலுத்துவோருக்கும் இலவசமாக வருவோருக்கும் ஒரே இடத்தில் சேவை தந்தால் இலவசமாகப் பெறுவோரும் நுகர்வோரே என்று மருத்துவமனைகள் தொடர்பான 1995ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தர்க்கம் இங்கும் பொருந்தும் என்றே கொள்கிறேன்.

குறைபாடு எது என்பதற்கான விளக்கம் இன்னும் கவனிக்கத்தக்கது. நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். ராட்டினம் பழுதாவது குற்றமல்ல. பழுதான ராட்டினத்தை ஓட்டாமல் நிறுத்துவது பாராட்ட வேண்டிய செயல். காலையில் எவையெல்லாம் ஓடாது என்று தெரிந்தும், கவுண்டரில் அதைச் சொல்லாமல் முழுக்கட்டணம் வாங்குவதுதான் குறைபாடு. பூங்கா மீதான புகார்களில் பெரும்பகுதியை இந்த ஒரு வரிக்குள் அடக்கிவிடலாம்.

3. வாசலுக்கு உள்ளே

உள்ளே ஒருவர் புகார் சொல்ல முற்படும்போது முதலில் எதிர்ப்படுபவர் ராட்டினத்தை இயக்கும் இளைஞர். அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் சூப்பர்வைசரைக் காட்டுவார். சூப்பர்வைசர் வாசலருகே உள்ள அலுவலகத்தைக் காட்டுவார். அந்த வாசல் சில ஏக்கர் தள்ளி இருக்கும். பிள்ளைகள் அடுத்த வரிசைக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள். புகாருக்குச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் காசு கொடுத்து வாங்கிய பகலிலிருந்தே கழிகிறது. வேறெந்த வணிகத்திலும் புகார் சொல்வதற்கான விலை இவ்வளவு உடனடியாகக் கழிக்கப்படுவதில்லை.

சான்று எப்படி நழுவுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீர் விளையாட்டுக்குப் போகிறவர் செல்போனை லாக்கரில் வைத்துவிடுகிறார். படம் எடுக்க வழியில்லை. டிக்கெட் கைப்பட்டையாக மாறி, நனைந்து, மாலையில் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. அந்த ராட்டினம் எத்தனை மணிக்கு நின்றது, யார் நிறுத்தினார், காலையில் யார் சோதித்தார் என்பதெல்லாம் பூங்காவின் பதிவேட்டில் இருக்கும். வழுக்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவும் பூங்காவினுடையது. பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், தாமதமாகக் கேட்டால் அதுவும் கிடைக்காது.

கெட்டிக்கார மேனேஜர் இருந்தால் கதை இன்னொரு விதமாக முடியும். கோபமாக வந்தவர் கையில் அடுத்த முறை இலவசமாக வர ஒரு பாஸையோ சாப்பாட்டுக் கூப்பனையோ கொடுப்பார். அந்த ஒருவருக்கு அது நியாயமான பரிகாரமாகக்கூட இருக்கலாம். ஆனால் புகார் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அதே குறையோடு அடுத்து வருகிறவர்தான் முதல் புகார்தாரர் ஆகிறார். 'இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை சார்' என்ற பதில் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. எழுத்தளவில் அது பொய்யும் அல்ல!

பள்ளிச் சுற்றுலாவாக வரும் மாணவர்களின் நிலை இதைவிட மோசம். டிக்கெட் வாங்கியது பள்ளி. ரசீது ஆசிரியர் பையில். அடுத்த ஆண்டும் சலுகைக் கட்டணம் தேவைப்படும் நிர்வாகம் வாய் திறக்காது. பயனாளி என்ற முறையில் பெற்றோர் பிள்ளைக்காகப் புகார் கொடுக்கச் சட்டத்தில் இடமிருந்தும், கொடுக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை.

4. டிக்கெட்டின் பின்பக்கம்

பணம் திரும்பத் தரப்படாது, ராட்டினங்கள் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படலாம், காயத்துக்கும் இழப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல, வழக்கு இன்ன ஊர் நீதிமன்றத்தில் மட்டுமே என்ற வகை நிபந்தனைகள் பொடி எழுத்தில் வருவதுண்டு. படித்தவர்களும் இவற்றைப் படித்துவிட்டு 'கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன?' என்று விட்டுவிடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. குறைபாடுள்ள சேவைக்கு, ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளோ, அப்படிக் காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளோ பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். ரசீது தராததும் அப்படியே. நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் ஒருதலை ஒப்பந்தத்துக்கு 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனிப் பெயரே உண்டு. அதன் நிபந்தனைகளைச் செல்லாதென அறிவிக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. செல்லாதென அறிவிக்கும் அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தரப்படவில்லை. மாநில ஆணையத்திலிருந்துதான் அது தொடங்குகிறது. ஓராயிரம் ரூபாய் டிக்கெட்டின் பின்பக்கத்து வரியை எதிர்க்க நினைப்பவர் சென்னையில் உள்ள மாநில ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டும். கோடிக்கணக்கில் போடப்படும் அடுக்குமாடி ஒப்பந்தத்துக்கும் நீச்சல் உடை வாடகைச் சீட்டுக்கும் ஒரே வாசலை வைத்தது சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்றே எனக்குப் படுகிறது.

வெளி உணவுக்குத் தடை என்பது தனிச் சிக்கல். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவசமாகச் சுத்தமான குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பவையும் அதே வழக்கில் பதிவாயின. அதற்கு முன் 2017இல், ஓட்டல்கள் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்றும் அந்த நீதிமன்றம் கூறியிருந்தது. அங்கே விற்பது தண்ணீர் மட்டுமல்ல, உட்கார இடமும் உபசரிப்பும் சேர்ந்தது என்பது காரணம். பூங்காவின் உள்ளே பெட்டிக்கடை போல நிற்கும் கவுண்டரில் அந்த உபசரிப்பு எங்கே? இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சொன்னதைக் காலை முதல் மாலை வரை வெயிலில் அலைகிறவர்களுக்கு அப்படியே நீட்டுவதும் சரியல்ல.

5. வாசலுக்கு வெளியே

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிற பாதை, காகிதத்தில், வியக்கத்தக்க அளவு எளிது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2020 முதல் இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். நிகழ்வுக்குப்பின் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பழைய சட்டத்தில் பூங்கா இருக்கும் ஊரிலோ நிறுவனத்தின் ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். கொச்சியில் நடந்ததற்குத் திருநெல்வேலியில் வழக்குத் தொடுக்கலாம் என்பது சிறிய மாற்றமல்ல. எதிர்தரப்புக்குப் பதிலளிக்க 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது.

ஆணையத்தில் முதல் கேள்வி, 'அன்று அது நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?' என்பதாகவே இருக்கும். ஆவணத்தை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ராட்டினப் பதிவேட்டையும் கேமராப் பதிவையும் கேட்டுப் பெறலாம். ஆனால் வழக்கு எண் விழுந்து, அறிவிப்பு போய்ச் சேர்வதற்குள் பதிவு அழிந்திருந்தால் அதிகாரம் இருந்தும் பயனில்லை. அதனால் அன்றைய தினமே, அல்லது மறுநாளாவது, 'இன்ன இடத்தின் இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைக்கவும்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது. பிறகு பதிவு இல்லை என்று பூங்கா சொன்னால், அதற்கு விளக்கம் தரும் சுமை அதன் பக்கம் சாயும்.

டிக்கெட் வாங்கிய விதமும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. இணையவழி வணிகம் பற்றிய 2020ஆம் ஆண்டு விதிகள், குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்கவும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கட்டளையிடுகின்றன. கவுண்டரில் நின்று காசு கொடுத்தவருக்கு இந்தக் காலக்கெடு கிடையாது. ஒரே ராட்டினத்தில் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்த இருவரில் ஒருவருக்கு இரண்டே நாளில் ஒப்புகை, மற்றவருக்கு நிர்வாகம் மனம் வைத்தால் பதில்!

6. விபத்து: புகாரின் உச்சம்

சிறு குறைகள் பதிவாகாத இடத்தில் பெரும் விபத்தும் தற்செயலாகவே வெளிவருகிறது. 2019 ஜூனில் பூந்தமல்லி அருகே ஒரு பூங்காவில், உயரத்திலிருந்து இறங்கும் ராட்டினத்தின் கம்பி அறுந்த காட்சி செல்போன் வழியாக ஊரெல்லாம் பரவிய பிறகே காவல் துறை அங்கே போனது. 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோனது. மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கினார்கள். இவற்றுக்கு முந்தைய நாட்களில் அதே ராட்டினங்களைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அறிய, பொதுமக்கள் பார்வைக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

ஃப்ளோரிடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் சொந்த ஆய்வாளர்களும் கொண்ட பெரும் பூங்காக்களுக்கு அரசு ஆய்விலிருந்து விலக்கு உண்டு. இது மோசமான சலுகை. ஆனால் 2001 முதல் ஓர் உடன்பாட்டின்படி, மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்த காயங்களை அவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநில வேளாண் துறையிடம் தெரிவிக்கின்றன. எந்த ராட்டினம், பாதிக்கப்பட்டவரின் வயது என்ன என்ற விவரங்களோடு அது வெளியாகிறது. எழுதுவது பூங்காவே என்பதால் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற குறிப்பு அடிக்கடி தலைகாட்டும். அரைகுறைதான்; ஆனால் நம்மிடம் அந்த அரைகுறையும் இல்லை.

சட்ட உரிமையில் நிலைமை தலைகீழ். அங்கே டிஸ்னி வளாக உணவகம் ஒன்றில் சாப்பிட்டபின் ஒவ்வாமையால் இறந்த பெண்ணின் கணவர் 2024இல் வழக்குத் தொடுத்தார். பல ஆண்டுகளுக்கு முன் அவர் டிஸ்னியின் வீடியோ சேவைக்குச் சோதனைச் சந்தா எடுத்தபோது சம்மதித்த நிபந்தனையைக் காட்டி, நீதிமன்றத்துக்கு வரக்கூடாது, நடுவர் மன்றத்துக்கே போக வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. ஊரே கண்டித்த பிறகு ஆகஸ்டில் பின்வாங்கியது. இந்தியாவில் அந்த வாதம் எடுபடாது: நடுவர் மன்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை பறிபோகாது என்று 2018 டிசம்பரில் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. அவர்களிடம் பதிவு உண்டு, உரிமை பலவீனம். நம்மிடம் உரிமை உண்டு, பதிவு இல்லை.

7. செய்யக்கூடியது

ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவரே, ஆணையத்தின் அனுமதியோடு, புகார் கொடுக்கலாம். அடையாளம் காண முடியாத பலர் இழப்படைந்திருந்தால், அவர்களுக்கு அளித்த சேவையின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாத தொகையைக் கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு நாள் முழுவதும் முக்கிய ராட்டினங்களை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கானோரிடம் முழுக்கட்டணம் வாங்கிய பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது. நுகர்வோர் அமைப்புகள் இதைப் பயன்படுத்த வேண்டும்.

அடிப்படைத் திருத்தத்துக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பூங்காக்களுக்கு உரிமம் தரும் அதிகாரிகள் நிபந்தனையில் நாலு வரி சேர்த்தால் போதும். வரிசை எண்ணும் நகலும் உள்ள புகார்ப் புத்தகம் நுழைவாயிலில் இருக்க வேண்டும், நகல் புகார்தாரருக்கு. அன்று ஓடாத ராட்டினங்களின் பட்டியல் டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் தொங்க வேண்டும். புகார் பதிவான இடத்தின் கேமராப் பதிவை இரண்டு ஆண்டு, அதாவது வழக்குத் தொடுக்கும் காலக்கெடு முடியும்வரை, அழிக்கக் கூடாது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் புத்தகத்தை அதிகாரி திறந்து பார்க்க வேண்டும்.

அதுவரை வாசகர் செய்ய வேண்டியது: டிக்கெட்டையும் கைப்பட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இலவச பாஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எதற்காகக் கொடுத்தார்கள் என்று அதன்மேல் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.