மெக்டொனால்டு குடும்பத்துக்கு வந்த ஒரு லேப் ரிப்போர்ட்

"எங்க பரம்பரையிலேயே யாருக்கும் சுகர் கிடையாது டாக்டர்." ஓ.பி.யில் வாரம் பத்து பேராவது இதைச் சொல்வாங்க. ரிப்போர்ட் வந்தா கதை வேற. அவங்க பொய் சொல்லலைங்க. தங்களுக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

850 வருஷத்துக்கு முந்தைய ஒரு குடும்ப வரலாற்றுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தது. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பர்கர் கடைப் பலகையில் நாம பார்க்கிற மெக்டொனால்டு, ஸ்காட்லாந்தின் பெரிய குலங்களில் ஒன்று. கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். டொனால்டின் மகன், மெக்டொனால்டு. அந்த டொனால்டின் தாத்தா பெயர் சோமர்லெட்.

யார் இவர்? ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரைத் தலைவர். 1156ல் சொந்த மைத்துனரான மான் தீவு அரசரோடு கடலில் மோதி, தீவுகளில் ஒரு பங்கைப் பிடித்தார். 1164ல் ஸ்காட்லாந்து அரசர் நான்காம் மால்கமை எதிர்த்துக் கப்பல்களோடு போனவர், ரென்ஃப்ரூ பக்கத்தில் கொல்லப்பட்டார்.

இவருடைய முன்னோர் யார்? 17ஆம் நூற்றாண்டில் குலத்தின் பரம்பரைப் புலவர்கள் எழுதி வைத்த வரலாறு, அயர்லாந்தின் 'நூறு போர் கண்ட கான்' என்ற புராண அரசன் வரை கொண்டு போகிறது. அப்பா பெயரும் தாத்தா பெயரும்கூட கேலிக் பெயர்கள்தான்.

ஆனா இவர் பெயர் மட்டும் இடிக்குது பாருங்க. சோமர்லெட் என்பது வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிப் பெயர். கோடையில் கடல் பயணம் போகிறவன் என்று பொருள்.

இப்போ லேப். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே, பெரிய மாற்றமில்லாமல் போகும். கிட்டத்தட்ட இனிஷியல் மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், சோமர்லெட் வழி வந்த ஐந்து குலத் தலைவர்களைச் சோதித்தார். ஐந்து பேருக்கும் ஒரே வகை. அதுவும் நார்வே பக்கம் அதிகம் உள்ள வகை. ஆண் வழி வைக்கிங் வழி!

உடனே 'புலவர்கள் கட்டுக்கதை விட்டாங்க'ன்னு முடிச்சிடாதீங்க. ரிப்போர்ட்டைப் படிக்கவும் ஒரு முறை இருக்கு.

ஒன்று, அந்த ஐந்து பேரின் வம்சாவளியும் ஒன்று சேர்வது பேரன் டொனால்டிடம். சோமர்லெட்டின் எலும்பை யாரும் சோதிக்கவில்லை. டொனால்டிலிருந்து தாத்தாவுக்குப் போக நமக்குக் கைகொடுப்பது பழைய ஏடுகள்தான்.

இரண்டு, 25 தலைமுறை பின்னால் போனால் உங்க வம்ச மரத்தில் 3.3 கோடி இடங்கள் வரும். ஒய் காட்டுவது அதில் ஒரே ஒரு இடத்தை. அம்மா, பாட்டி வழியாக எத்தனை ஐரிஷ் ரத்தம் வந்திருந்தாலும் இதில் தெரியாது.

சரி, புலவர்கள் ஏன் அயர்லாந்தைச் சொன்னாங்க? கேலிக் மக்களை ஆள கேலிக் ராஜ வம்சம் என்ற பெயர் வேணும். அன்றைக்கு வம்சாவளிதான் பட்டா.

இன்னொரு விஷயம். மெக்டொனால்டு என்ற பெயருள்ள பலரிடம் இந்த ஒய் வகை கிடையாது. நிலத்தில் உழைத்தவர்கள், அடைக்கலம் தேடி வந்தவர்கள் எல்லாம் தலைவரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

அப்போ அவங்க மெக்டொனால்டு இல்லையா?

1692 பிப்ரவரி 13. கிளென்கோ பள்ளத்தாக்கு. மெக்டொனால்டு வீடுகளில் இரண்டு வாரமாகச் சாப்பிட்டுத் தங்கியிருந்த அரசுப் படையினர், விடியும் முன் எழுந்து வீட்டுக்காரர்களையே கொன்றார்கள். செத்தவர்கள் சுமார் 38 பேர். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர்களின் தலைவர் சில நாள் தாமதித்தார் என்பது காரணம்.

அன்றைக்கு யார் நிஜ வாரிசு, யார் பெயரை மட்டும் ஏற்றவர் என்று யாரும் பார்க்கவில்லை. பெயர் போதுமானதாக இருந்தது.

டிஎன்ஏ கிட் வாங்கலாமான்னு என்னைக் கேக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். லேப் எங்கேயும் போயிடாது. முதல்ல உங்க பாட்டிகிட்ட உட்கார்ந்து அவங்க சொல்றதை எழுதி வைங்க. ஹிஸ்டரி இல்லாம வர்ற ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.