கணுக்காலிலிருந்து இடுப்பு வரை

பாலே என்றதும் நம் கண்ணுக்கு முதலில் வருவது, நடனக்காரியின் இடுப்பைச் சுற்றித் தாம்பாளம் போல விரிந்து நிற்கும் வெள்ளை வலைத்துணிதான். டூட்டு என்று பெயர். பொம்மைக் கடைகளிலும் குழந்தைகளின் பிறந்தநாள் படங்களிலும் பார்த்துப் பார்த்து, அதை அலங்காரம் என்றே முடிவுகட்டிவிட்டோம். அதைப் போட்டு ஆடியவர்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. கால் செய்யும் வேலை கூடக் கூடத் துணி மேலே ஏறியது. தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த பாவாடை இடுப்புக்கு வந்து சேர இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வழியில் சில உயிர்களும் போயின.

கதை தொடங்குமிடம் பாரிஸ். பதினான்காம் லூயி காலத்தில் பாலே அரசவைக் கலை; பாரிஸ் ஆபராவில் பெண் வேடத்தையும் முகமூடி போட்ட ஆண்களே ஆடினார்கள். தொழில்முறைப் பெண்கள் அந்த மேடையேறியது 1681-இல். ஏறினார்களே தவிர, பெரிதாக ஆட வழியில்லை. அரண்மனை விருந்துக்குப் போகிற உடைதான் மேடைக்கும்: இறுக்கிக் கட்டிய கச்சை, தரை தொடும் கனத்த பட்டு, குதிகால் உயர்ந்த செருப்பு. பக்கத்தில் ஆடிய ஆணுக்கு உடை முழங்கால் வரைதான். குதிப்பது, சுழல்வது, காற்றில் காலைப் பின்னுவது எல்லாம் அவன் பங்கு. அவளுக்கு மிஞ்சியது நடையும் கையசைவும்.

இந்தப் பங்கீட்டைக் குலைத்தவர் மரி கமார்கோ. பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், 1726-இல் பாரிஸ் ஆபராவில் அரங்கேறினார். எகிறிக் குதித்து, தரைக்கு வருமுன் இரு பாதங்களையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பின்னும் 'ஆந்த்ரஷா' அவருக்குக் கைவந்த வித்தை. வந்து என்ன பயன், பாவாடைக்குள் நடப்பது யாருக்குத் தெரியும்? கமார்கோ அதைச் சில அங்குலம் குறைத்தார். கணுக்கால் தெரிந்தது, பாரிஸ் அமளிப்பட்டது. லாங்க்ரே தீட்டிய அவருடைய ஓவியத்தை இன்று பார்த்தால், இதற்கா இவ்வளவு கூச்சல் என்று தோன்றும். அவருக்குப் போட்டியாக இருந்த மரி சாலே வேறு வழியில் போனார். 1734-இல் லண்டனில் 'பிக்மாலியன்' ஆடியபோது, பாவாடையைப் புடைக்கவைக்கும் சட்டகத்தையே கழற்றிவிட்டு, மெல்லிய மஸ்லின் உடுத்தி, தலையை அவிழ்த்துவிட்டு வந்து நின்றார். ஒருவர் நீளத்தைக் குறைத்தார், மற்றவர் கனத்தை. டூட்டுவுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

1832 மார்ச் 12. பாரிஸ் ஆபராவில் 'லா சில்ஃபீத்' முதல் காட்சி. ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவனை மயக்கும் காற்று மோகினியாக மரி தாலியோனி வந்தார். நடனம் அமைத்தவர் அவருடைய தந்தை பிலிப்போ. தோள் திறந்த இறுக்கமான மேற்சட்டை, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முடியும் மணி வடிவப் பாவாடை, எல்லாம் வெள்ளை. வடிவமைத்தவர் ஓவியர் எழேன் லாமி என்பது வழிவழியாக வரும் செய்தி. தாலியோனி நுனிக்காலில் நின்றபோது, பாவாடையின் விளிம்பு அந்தக் காலை மட்டும் தனியாக எடுத்துக் காட்டியது. 1822 முதலே அந்த அரங்கில் எரிவாயு விளக்கு உண்டு. அந்த மங்கல் வெளிச்சம் அடுக்கடுக்கான வெள்ளைத் துணிக்குள் புகுந்து நின்றதில், ஆடுகிற உடம்புக்கு எடையே இல்லை என்று நம்பிவிட்டார்கள். அன்று முதல் ஆவி, தேவதை, அன்னம், இறந்துபோன மணப்பெண் என்று யார் வந்தாலும் இதே உடைதான்.

எடையில்லாத அந்தத் துணி எது? பெரும்பாலும் தார்லத்தான்: கண் கண்ணாக நெய்து, கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய பருத்தி. கூடவே வலைத்துணியும் மலிந்துகொண்டிருந்தது. கையால் பின்னிய வலைக்குப் பதில் இயந்திர வலையை ஜான் ஹீத்கோட் இங்கிலாந்தில் கொண்டுவந்து 1809-இல் காப்புரிமை பெற்றிருந்தார். வேலை பறிபோன கோபத்தில் 1816-இல் லாஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் டெவன் பகுதியின் டிவர்ட்டனுக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கினார். இலேசான துணி இனி அரண்மனைச் சொத்தாக இருக்கவில்லை. வரிசையில் ஆடும் சாதாரணப் பெண்களுக்கும் அடுக்கடுக்காகத் தைக்க முடிந்தது.

மெல்லிய பருத்தி, அடுக்குகளுக்கு நடுவே காற்று, மேடை ஓரமெங்கும் மூடியில்லாத தீச்சுடர். என்ன நடக்கும் என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் உடை, பார்வையாளர்களின் கண்முன்னே பற்றிக்கொண்டது. சில நாளில் இறந்தார். 1861-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒருத்தியின் உடையில் பிடித்த தீ, காப்பாற்ற ஓடிவந்தவர்களின் உடைகளுக்கும் தாவி, கேல் சகோதரிகள் உட்படப் பலரைக் கொன்றது.

இவற்றில் மறக்க முடியாதது எம்மா லிவ்ரியின் கதை. பதினாறு வயதில், 1858-இல், 'லா சில்ஃபீத்' ஆடிப் பெயர் எடுத்தவர். அவரைப் பார்ப்பதற்கென்றே ஓய்வில் இருந்த தாலியோனி இத்தாலியிலிருந்து பாரிஸ் வந்தார். வந்தவர் தங்கிப் பாடம் சொல்லித்தந்தார். 1860-இல் அவருக்காகவே 'லெ பபியோன்' என்ற பாலேயை அமைத்தார். இசை ஆஃபன்பாக். அதில் லிவ்ரி வண்ணத்துப்பூச்சி. தீப்பந்தத்தை நெருங்கிச் சிறகு கருகுவது கதையின் முக்கியத் திருப்பம்.

தீக்கு மருந்து அப்போதே இருந்தது. கார்த்தரோன் என்பவர் கண்டுபிடித்த ரசாயனக் கரைசலில் முக்கி எடுத்தால் துணி எளிதில் எரியாது. மேடைப் பொருள்களையும் உடைகளையும் அப்படிப் பதப்படுத்த வேண்டும் என்று 1859-இல் அரசாணையும் வந்தது. ஆனால் அப்படி முக்கியெடுத்த துணி விறைத்தது, வெண்மை மங்கியது. வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று லிவ்ரி நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தார். இதைப் படிக்கும்போது அந்தப் பெண்ணின் பிடிவாதம் என்று கடந்துபோகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடையற்றவளாகத் தெரிவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தத் தோற்றத்தைத் துணிதான் தந்தது. கைதட்டியவர்கள் மங்கிய வெள்ளையைக் கேட்கவில்லை.

1862 நவம்பர் 15-இல் 'லா ம்யுயெத் த பொர்த்தீசி' என்ற ஆபராவின் ஒத்திகை. அவருக்கு ஊமைப்பெண் வேடம். பாவாடையை உதறிச் சரிசெய்தபோது காற்றில் பக்கத்து விளக்கின் சுடர் தாவியது. எரியும் உடையோடு மேடையில் ஓடியவரைத் தீயணைப்பாளர் ஒருவர் போர்வை சுற்றி அணைத்தார். எட்டு மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலை 26-இல், இருபது வயதில் இறந்தார். பதப்படுத்திய பாவாடை ஆபத்தில்லாததுதான், ஆனாலும் மேடைக்குத் திரும்பினால் அதைப் போடமாட்டேன், அவ்வளவு அசிங்கம் என்று நோயில் கிடந்தபோதும் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கருகிய அந்த உடையின் மிச்சத்தைப் பாரிஸ் ஆபரா அருங்காட்சியகம் பாதுகாத்து வைத்திருக்கிறது.

அடுத்த வெட்டு ரஷ்யாவில் விழுந்தது. 1885-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்த இத்தாலிய நடனக்காரி விர்ஜீனியா ஜுக்கி, அரசு அரங்கின் நீளப் பாவாடை ஆகாது என்று குட்டையாக்கச் சொல்லிச் சண்டை பிடித்தார். பின்னால் வந்த பியெரீனா லென்யானி 1893-இல் 'சிண்டரெல்லா'விலும் 1895-இல் 'அன்ன ஏரி'யிலும், ஒற்றை நுனிக்காலில் நின்று மறுகாலைச் சாட்டையாக வீசி 32 சுற்றுச் சுற்றினார். அந்த வீச்சுக்கு நீளப் பாவாடை தடை. ஆனாலும் லென்யானியின் புகைப்படத்தில் அது முழங்காலையொட்டித்தான் தொங்குகிறது. 'அன்ன ஏரி' என்றாலே நமக்குத் தோன்றும் தட்டையான வட்டம் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

இதற்கிடையே பாரிஸில் எட்கர் தெகா மெழுகில் பதினான்கு வயது நடனச் சிறுமி ஒருத்தியைச் செய்து, நிஜத் துணிப் பாவாடையும் கட்டி 1881-இல் காட்சிக்கு வைத்தார். உருவத்துக்கு நின்றவள் மரி வான் கோத்தம், சலவைக்காரியின் மகள். தெகா இறந்த பிறகு அதை வெண்கலத்தில் பல பிரதிகள் வார்த்தார்கள். வெண்கலம் நிற்கும், துணி இற்றுப்போகும். ஆகவே ஒவ்வோர் அருங்காட்சியகமும் தனக்குச் சரியென்று பட்ட பாவாடையை மாற்றிக் கட்டுகிறது. ஒரே சிறுமி ஓரிடத்தில் முழங்கால் தெரியவும் இன்னோரிடத்தில் மறையவும் நிற்கிறாள்.

ரஷ்யாவிலோ, எகிப்தியக் கதைக்கும் இதே பாவாடையா என்று நடன அமைப்பாளர் மிகயீல் ஃபோக்கின் கேட்டது நியாயமான கேள்வி. வேடிக்கை என்னவென்றால், டூட்டு அணிந்த நடனங்களிலேயே மிகப் புகழ்பெற்ற 'சாகும் அன்னம்' அவர் அமைத்ததுதான், நடனக்காரி ஆன்னா பாவ்லோவாவுக்காக, 1907-இல். பாவ்லோவா அந்த இறகு உடையோடு உலகம் சுற்றினார், இந்தியாவுக்கும் வந்தார். 1920-களின் கடைசியில் அவரோடு பழகி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர் ருக்மிணி தேவி. உன் நாட்டு நடனத்தைத் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்னதும், 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடியதும், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தொடங்கியதும் நாம் அறிந்தவை. பரதநாட்டியத்துக்குத் தைத்த உடையை அமைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அரைமண்டியில் அமர்ந்தால்தான் அதன் விசிறி முழுதாக விரியும். ஆட்டத்துக்கு ஏற்றாற்போல் துணி வெட்டுவது இரண்டு மரபுக்கும் பொது.

டூட்டுவுக்குள் இருப்பது என்ன? உள்ளாடைமேல் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி, ஒவ்வொன்றும் சுருக்கிட்டது, கீழே குட்டை, மேலே போகப் போக அகலம். நடுவே ஓர் அடுக்கில் எஃகு வளையம். பிறகு எல்லா அடுக்கையும் கையால் தளர்வாகக் கோத்துத் தைக்க வேண்டும். இறுக்கினால் அசையாது, விட்டால் தொங்கிவிடும். இந்த வளையத்தை எடுத்தெறிந்தவர் கார்கிவில் பிறந்து நியூயார்க்கில் தையற்கூடம் நடத்திய பார்பரா கரின்ஸ்கா. நடன அமைப்பாளர் பாலன்சினின் 'சிம்ஃபனி இன் சி'யில் கடைசிக் காட்சிக்கு ஐம்பது பேருக்கு மேல் மேடையில் நிற்பார்கள். ஒருத்தியின் வளையம் அடுத்தவள்மேல் இடித்து எல்லாப் பாவாடையும் ஆட்டம் காணும். 1950-இல் கரின்ஸ்கா அடுக்கைக் குறைத்து, வளையமில்லாமல், தானே தாங்கி நிற்கும் மென்மையான டூட்டுவைத் தைத்தார். பல குழுக்கள் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன.

அதன் பிறகும் விளையாட்டு ஓயவில்லை. 1974-இல் நியூயார்க்கில் தொடங்கிய ட்ரொக்கடேரோ குழுவில் ஆண்களே டூட்டு அணிந்து அன்னமாகிறார்கள்; சிரிக்க வந்த கூட்டம் அவர்களுடைய நுனிக்கால் வேலையைப் பார்த்து வாயடைத்துப் போகிறது. 1996-இல் வில்லியம் ஃபோர்சைத்தின் நடனம் ஒன்றுக்கு ஸ்டீஃபன் காலவே டூட்டுவை அடுக்கே இல்லாத பச்சைத் தட்டாகச் சுருக்கினார்.

உடைக் கிடங்கில் டூட்டுகளைத் தலைகீழாகத்தான் தொங்கவிடுகிறார்கள், விளிம்பு சரியாமலிருக்க. முதுகில் இரண்டு மூன்று வரிசைக் கொக்கி, அடுத்த பருவத்தில் வேறு இடுப்புக்கு வேண்டுமே. சலவை இயந்திரத்தில் போட முடியாது. வியர்வை வாடைக்குப் பல அரங்குகளில் ஒரே வைத்தியம்: வோட்காவைத் தெளித்துக் காயவிடுவது.