நீ என்ன பத்திரிகையாளனா?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியின் விசாரணைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினனாக அமர்ந்திருந்தேன். விடுதியின் குடிநீர்த் தொட்டி மாதக்கணக்கில் கழுவப்படவில்லை என்று தன் வலைப்பூவில் எழுதிய மாணவன் எதிரே நின்றான். தொட்டி கழுவப்பட்டதா என்று எவரும் கேட்கவில்லை. "நீ என்ன பத்திரிகையாளனா?" என்பதே முதல் வினா. "இல்லைங்க சார்" என்றான். விசாரணை அத்தோடு முடிந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

வலைப்பதிவு இதழியல் ஆகுமா என்னும் கேள்வி அன்றுமுதல் என்னை விட்டு நீங்கவில்லை. வகுப்பறையில் இதழியல் வரலாறு நடத்துகிறவன் என்பதால், விடையையும் அங்கேயே தேடினேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாஷியாக இருந்த வணிகர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு 1761 வரை நீள்கிறது. காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல்களின் வரவு, புறப்பாடு, புதுமையாக நிகழ்ந்தது ஆகியவற்றை எழுதப்போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கேட்டதையும் கண்டதையும் வேறு வேறாகப் பிரித்துச் சொன்ன அந்த நுட்பம் இன்றைய செய்தியாளருக்கும் பாடம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் நாளும் ஆளும் குறிக்கப்பட்டு அதில் பதிவாகியுள்ளன. 'தினப்படி சேதிக்குறிப்பு' என்றே அந்நூல் தமிழில் வழங்குகிறது. சேதி என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது.

ஆயினும் அதை இதழியல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எழுதப்பட்ட காலத்தில் ஊர் அதைப் படிக்கவில்லை. 1846இல்தான் அக்குறிப்புகள் கண்டெடுக்கப்பட்டன. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. கோயிலை இழந்தவர்களுக்கு அன்று அக்குறிப்பால் பயன் எதுவும் இல்லை. குறிப்பில் பிழை இருந்திருந்தால் மறுத்துரைக்கவும் ஆளில்லை. பிள்ளையவர்களிடம் கவனம் இருந்தது, வாசகர் இல்லை.

வாசகர் இருந்து கவனம் தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தாவின் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி சான்று. கப்பல் வணிகத்தில் நொடித்துப்போய்க் கடனுக்காகச் சிறைப்பட்டவர் அவர். 1780 ஜனவரி 29 அன்று அவர் தொடங்கிய வார இதழே இந்தியாவில் அச்சான முதல் செய்தித்தாள். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்சையும் தலைமை நீதிபதி இம்பேயையும் ஊழல்வாதிகள் என்று துணிந்து எழுதினார். அதே தாளில் கனவான்கள், சீமாட்டிகள் பற்றிய வம்பையும் பட்டப்பெயர் சூட்டி அச்சிட்டார். அதிகாரம் முதலில் அஞ்சல் வழியை அடைத்தது. 1781இல் அவதூறு வழக்கில் சிறையிலிட்டது. அங்கிருந்தும் அவர் இதழை நடத்தினார். 1782இல் அச்செழுத்துகளைப் பறித்தபின்தான் அது நின்றது. இந்திய இதழியலின் தந்தை என்று இன்று பாடநூல்கள் போற்றும் அவர், தம் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு வெறும் வம்பர். வலைப்பதிவர்மீது இன்று சொல்லப்படும் குற்றச்சாட்டு எதுவும் புதிதன்று என்பதை ஹிக்கியிடம் கண்டேன்.

நம் சென்னையிலும் இதற்கொரு முன்கதை உண்டு. உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயர் அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் இதழ்கள் இகழ்ந்தன. பதில் சொல்ல இடமில்லாத ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 படிகள் அச்சிட்டார்கள். அதுதான் 'தி இந்து'. நால்வர் சட்ட மாணவர்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். "நீங்கள் என்ன பத்திரிகையாளர்களா?" என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், அறுவரும் இல்லை என்றே சொல்லியிருக்க வேண்டும்.

சட்டமும் இந்தக் கேள்வியை முதன்மையாகக் கொள்ளவில்லை. நம் அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனிப்பிரிவு கிடையாது. குடிமக்கள் அனைவருக்கும் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையிலிருந்தே அது பெறப்படுகிறது. அதாவது, ஆசிரியர் நாற்காலியில் இருப்பவருக்கும் அந்த மாணவனுக்கும் உரிமையின் ஊற்று ஒன்றே.

இதனால் வலைப்பதிவு எல்லாம் இதழியல் என்று சொல்லவரவில்லை. சங்கப் பாடல் பற்றி நான் எழுதுவது இதழியல் ஆகாது. கேட்ட வதந்தியை அப்படியே ஏற்றிவிடுவதும் ஆகாது. பிள்ளையைப்போல் கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிந்து, ஹிக்கியைப்போல் ஊரறியச் சொல்லி, இருவரிடமும் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், அதாவது பிழை என்று தெரிந்தால் அதே இடத்தில் திருத்திக்கொண்டால், அது எதில் எழுதப்பட்டாலும் இதழியல்தான். இதழியல் என்பது செயலின் பெயர். அடையாள அட்டையின் பெயரன்று.

அன்று அந்த மாணவனிடம் கேட்டிருக்க வேண்டியவை மூன்றே வினாக்கள். நீ நேரில் பார்த்தாயா? வேறு யார் சொன்னார்கள்? தவறென்றால் திருத்தி எழுதுவாயா? இவற்றுள் ஒன்றைக்கூட நாங்கள் கேட்கவில்லை. விசாரணை நடந்த அறையிலிருந்து விடுதி மாடி ஐந்து நிமிட நடைதான். ஏறிப் பார்த்தவன் அவன் ஒருவனே. வரலாறு நடத்தும் நானும் போய்ப் பார்க்கவில்லை.