தச்சரின் கைக்கூலியும் நீதியான விலையும்



நாம் வாழும் கம்பளை, 14ஆம் நூற்றாண்டில் ஓர் அரசின் தலைநகராக விளங்கியது. அக்காலத் தச்சர்களின் கைத்திறனை எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களில் இன்றும் காணலாம். அம்மரவேலைகளில் ஒரு பகுதி கம்பளை அரசவை மண்டபத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டது என மரபு கூறுகின்றது.

பிற்காலக் கண்டி இராச்சியத்தில் கைவினைஞர் பலர் தமது சேவைக்கு ஈடாக நிலத்தை அனுபவித்தனர். இந்த இராஜகாரிய முறையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக விளக்கியுள்ளார். 1830களின் தொடக்கத்தில், கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி அரசாங்கத்துக்கான கட்டாய சேவை ஒழிக்கப்பட்டது. சந்தை வளர வளர, தன் உழைப்புக்குத் தானே விலை கூறும் பொறுப்பு கைவினைஞன் மீது விழுந்தது.

சொல்லிச் செய்விக்கும் தளபாடம் இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்களின் மிம்பர், அன்சாரிப் பெண்மணி ஒருவரின் தச்சுப் பணியாளரால் காபா என்னும் இடத்து மரத்தில் மூன்று படிகளுடன் செய்யப்பட்டது. இவ்வாறு சொல்லிச் செய்விக்கும் உடன்படிக்கையை ஹனபி அறிஞர்கள் 'இஸ்திஸ்னாஃ' என்று அழைத்து அனுமதித்தனர். நமது ஷாபிஈ மத்ஹபில் இதற்கு எளிய வழியொன்று உண்டு. மரத்தை நாமே வாங்கிக் கொடுத்து, தச்சரின் வேலைக்குக் கூலி பேசிக்கொள்ளலாம். அப்போது மரத்தின் விலை வேறாகவும் மனிதனின் உழைப்பு வேறாகவும் கண்முன் தெரியும்.

சிந்தித்துப் பாருங்கள். மகளின் திருமணத்திற்கு ஓர் அலுமாரி செய்விக்கும் தந்தை, கடையில் விற்கும் பலகைத்தூள் அலுமாரியின் விலையைக் காட்டிப் பேரம் பேசுகிறார். பாஸ் வேலையிழக்க விரும்பாமல் சம்மதிக்கிறார். பின்னர் மரம், ஆணி, வார்னிஷ், போக்குவரத்து எல்லாம் கழிந்து, இருபது நாள் உழைப்புக்கு எஞ்சுவது என்ன? அவருடைய மகன் அதைப் பார்த்து உளியைக் கீழே வைத்துவிடுகிறான்.

மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியும் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவரது பொருளிலும் அநீதி செய்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. ஆனால், மக்களின் தேவையைப் பயன்படுத்தித் தொழிலாளர் அளவுக்கு மீறிக் கேட்டால், ஒத்த வேலைக்குரிய கூலியை ஆட்சியாளர் விதிக்கலாம் என இமாம் இப்னு தைமிய்யா (மறைவு 1328) எழுதினார். எனவே நீதி இரு தரப்புக்கும் உரியது.

இளைஞனே! மரத்தின் வகை, அளவு, நாட்கூலி, முடிக்கும் திகதி ஆகியவற்றை எழுதிக் கொடு. வெள்ளைப்பகுதி மரத்தைச் சாயம் பூசி மறைக்காதே. பெற்றோரே! பேசிய கூலியைத் தாமதமின்றிக் கொடுங்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதி என அல்லாஹ் அறிவித்திருப்பதை மறவாதீர்கள்.

கொடுப்பதிலும் வாங்குவதிலும் நீதி தவறாதோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.