சோம்பற்கண்ணின் கதை

குழந்தைக்கு மாறுகண் அமைந்தால் அது வீட்டிற்கு அதிர்ஷ்டம் என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிழைப்பு நாடி நாக்பூருக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் வந்து குடியேறிய நம்மவருடன், ஊறுகாய் ஜாடியைப்போல் இந்த நம்பிக்கையும் பயணம் செய்து வந்திருக்கிறது. அந்த அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருந்து, ஒரு கண்ணின் பார்வையையே அதற்கு விலையாகக் கொடுத்த குழந்தைகள் உண்டு. மாறுகண்ணுக்குப் பின்னே பல வேளைகளில் மறைந்திருப்பது ‘சோம்பற்கண்’ என்னும் குறை.

அந்தப் பெயரே ஒரு வீண்பழி என்பது என் எண்ணம். கண் சோம்பியிருப்பதில்லை. இரு கண்களும் அனுப்பும் காட்சிகள் ஒத்துப்போகாதபோது, குழந்தையின் மூளை ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது. நெடுநாள் தள்ளப்பட்ட கண், பிற்காலத்தில் சரியான கண்ணாடி அணிந்தாலும் தெளிவு பெறுவதில்லை. ஒரு கண் விலகி நிற்பதாலும், ஒன்றில் மட்டும் கடுமையான தூரப்பார்வையோ கிட்டப்பார்வையோ இருப்பதாலும், பிறவிப் புரையாலும் இது நேரும். இவற்றுள் இரண்டாவதே வஞ்சகமானது. கண்கள் நேராக இருக்கும், குழந்தை ஓடியாடும், பெற்றோருக்கு ஐயமே தோன்றாது.

நல்ல கண்ணை மூடி, மங்கிய கண்ணை வேலைசெய்ய வைப்பதே இதற்குப் பழமையான மருத்துவம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா என்னும் அறிஞர் இம்முறையைக் கூறியதாகச் சொல்வர். 1743-இல் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் பூஃபோன், பாரிஸ் அறிவியற் கழகத்தின்முன் இதையே விளக்கினார். பின்னர் 1839-இல் பெர்லின் நகரத்து டீஃபன்பாக் என்பவர் மாறுகண்ணின் தசையைக் கத்தியால் அறுத்துக் கண்ணை நேராக்கிக் காட்டவே, மருத்துவ உலகம் முழுவதும் கத்தியின் பக்கம் சாய்ந்தது.

அதே 1839-இல் பாரிஸில் பிறந்தவர்தாம் எமில் ஜாவல். சுரங்கப் பொறியியல் பயின்றவர். தந்தைக்கும் மாறுகண், தங்கை சோஃபிக்கும் மாறுகண். கண்ணை நேராக்கினால் மட்டும் போதுமா, இரண்டு கண்களும் ஒன்றுகூடிப் பார்க்க வேண்டாவா என்னும் கேள்வி அவரைப் பொறியியலிலிருந்து மருத்துவத்திற்கு இழுத்து வந்தது. 1838-இல் வீட்ஸ்டன் வெளிப்படுத்திய ஸ்டீரியாஸ்கோப் என்னும் கருவியை அவர் கையில் எடுத்தார். இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்களைக் காட்டி, அவற்றை ஒன்றாக இணைத்துப் பார்க்கும்படி சிறிது சிறிதாகப் பழக்கினார். முதல் மாணவி தங்கையே. பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. மாதக்கணக்கில், சிலரிடத்தில் ஆண்டுக்கணக்கில் நீளும். தம் அனுபவம் முழுவதையும் 1896-இல் நூலாக வெளியிட்டார். இன்று பார்வைப் பயிற்சி என்று வழங்கும் கலைக்கு அதுவே ஊற்றுக்கண். கண்களுக்காக இவ்வளவு பாடுபட்டவரின் இரு கண்களையும் கண்ணழுத்த நோய் பறித்தது. 1900-இல் முற்றும் பார்வை இழந்தார்; 1903-இல், புதிதாகப் பார்வை இழந்தோருக்கு வழிகாட்டும் நூல் ஒன்றையும் எழுதினார்.

அதே 1903-இல் இலண்டன் மருத்துவர் கிளாட் வொர்த், நல்ல கண்ணில் அட்ரோபின் மருந்திட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்யும் வழியை எடுத்துரைத்தார். கண்மூடியைப் பிய்த்தெறியும் பிள்ளைகளுக்கு இது வாய்ப்பாயிற்று.

இனி லென்ஸின் கதை. ஒரு கண்ணுக்குக் கனமான கண்ணாடியும் மறு கண்ணுக்கு வெறுங்கண்ணாடியும் போட்டால், இரு உருவங்களும் பெரிதும் சிறிதுமாகத் தெரியும். மூளை அவற்றை இணைக்க மறுக்கும். கருவிழியின்மேலேயே அமர்ந்து அதனுடனேயே நகரும் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தால் இந்த வேற்றுமை பெரிதும் குறையும். 1888-இல் ஃபிக் என்பவர் விவரித்த லென்ஸ் கனத்த கண்ணாடியால் ஆனது, குழந்தைக்கு ஏற்றதன்று. மென்மையான லென்ஸைத் தந்தவர் செக்கோஸ்லவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லே. அரசியல் காரணத்தால் தம் கல்விக்கூடத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த அவர், 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், பிள்ளைகள் விளையாடும் இரும்புத்துண்டுப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு தம் வீட்டிலேயே ஓர் இயந்திரம் சமைத்து, நீரை உறிஞ்சும் புதுப்பொருளால் லென்ஸ் வார்த்தார். பிறவிப் புரை நீக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்கு இன்று காண்டாக்ட் லென்ஸ் அணிவிக்கிறார்கள். கருவிழி கோணியிருப்போருக்குக் கடினமான தனிவகை லென்ஸ்களும், கண்மூடிக்கு இணங்காத குழந்தையின் நல்ல கண்ணை மறைக்க ஒளிபுகா லென்ஸும் உண்டு. லென்ஸ் காட்சியைத் தெளிவாக்கித் தரும்; தள்ளிவைத்த கண்ணை மூளை மீண்டும் ஏற்கும்படி செய்வது அதற்கு அடுத்த வேலை.

மூளை ஏன் தள்ளுகிறது என்பதற்கு விடை 1963-இல் கிடைத்தது. அமெரிக்காவின் ஹார்வர்டில் ஹ்யூபெல், வீசெல் என்னும் இருவர், பூனைக்குட்டியின் ஓர் இமையைச் சில மாதங்கள் தைத்து மூடிப் பின் திறந்தனர். கண்ணில் பெரிய பழுது இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியோ அந்தக் கண்ணுக்கு ஏறக்குறைய செவிசாய்க்கவே இல்லை. வளர்ந்த பூனையிடம் அவ்விதம் நேரவில்லை. இருவரும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இதன் விளைவாக, ஏழெட்டு வயது தாண்டினால் வழியில்லை என்று மருத்துவர் பலர் கைவிரித்தனர்.

அந்தத் தீர்ப்பு சற்றே கடுமையானது என்று பின்னர் தெரிந்தது. 2005-இல் அமெரிக்காவில் 507 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்குக் கண்ணாடியோடு கண்மூடி முதலிய மருத்துவமும் சேர்த்தபோது, பாதிக்குச் சற்று மேற்பட்டோர் எழுத்துப் பலகையில் இரண்டு வரியேனும் முன்னேறினர். நடுத்தர மங்கலுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் மூடுவதே ஆறு மணி நேரத்திற்கு ஈடாகும் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. ஜாவலின் ஸ்டீரியாஸ்கோப்பும் புதுவடிவில் திரும்பியிருக்கிறது: இரு கண்களுக்கும் வெவ்வேறு விதமாகத் திரைப்படம் காட்டும் தலைக்கருவி ஒன்றுக்கு 2021-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அமெரிக்க நரம்பியல் பேராசிரியை சூசன் பாரி, சிறு வயதிலேயே மாறுகண் கொண்டவர், நாற்பத்தெட்டாம் வயதில் பயிற்சியால் கனபரிமாணப் பார்வை பெற்று, 2009-இல் அதை நூலாக எழுதினார். ஆயினும் அவர் கதையைக் காட்டி, எல்லா வயதினருக்கும் எல்லாக் குறைக்கும் பயிற்சி ஒன்றே போதும் என்று பெருந்தொகை கேட்போரிடம் எச்சரிக்கை வேண்டும். கண்ணாடி, லென்ஸ், கண்மூடி இவற்றுக்கு இருக்கும் சான்று, சோம்பற்கண்ணைப் பொறுத்தவரை தனிப்பயிற்சிக்கு இன்னும் அத்துணை வலுவாக இல்லை.

குழந்தையின் கண்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். ஒன்றை மறைக்கும்போது பேசாமலிருந்து, மற்றொன்றை மறைக்கும்போது முகம் சுளித்துக் கையைத் தள்ளினால், காலந்தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இத்தகைய அடையாளம் தெரியாவிடினும், பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை சோதிப்பது நன்று. அந்த ஊர்ப் பாஷை குழந்தைக்கு வராதே என்று தயங்க வேண்டா. ஆங்கில ‘ஈ’ எழுத்தை நான்கு பக்கமும் திருப்பி வரைந்த பலகை ஒன்று உண்டு. எழுத்தின் கைகள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன என்று குழந்தை விரலால் காட்டினால் போதும்.