கட்டிக்குச் சாயமேற்றிய கதை

கித்தாப் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பதைப் பார்க்காத தோட்டக் குடும்பம் உண்டோ? மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதையையும் முதலில் அதுபோலத்தான் கெட்டிப்படுத்துகிறார்கள். அதற்கு உதவும் பார்மலின், நாம் அறிந்த பார்மிக் ஆசிட்டுக்கு நெருங்கிய உறவு. அதன் இந்தக் குணத்தை 1893இல் கண்டறிந்தவர் ஜெர்மானியரான பெர்டினாண்ட் புளும்.

கெட்டியான சதையை மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிசாகச் சீவுவார்கள். சாயமேற்றாமல் அதில் ஒன்றும் தெரியாது. அந்தச் சாயமும் ஒரு மரம் தந்ததுதான்! மெக்சிக்கோவின் லாக்வுட் மரத்து வைரத்திலிருந்து வெகுகாலமாகத் துணிச்சாயம் எடுத்து வந்தார்கள். 1865இல் பேமர் என்பவர் அதனுடன் படிகாரம் சேர்த்தார். சதையில் சாயம் நன்றாகப் பிடித்தது. 1876இல் இயோசின் என்ற சிவப்புச் சாயமும் துணைக்கு வந்தது. உயிரணுவின் கரு நீலம், சுற்றியுள்ளது இளஞ்சிவப்பு. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1962இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு டி. ஜே. தனராஜ் தலைமையில் உருவானது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லை. இன்றும் முதலில் ஏற்றுவது அந்த இரண்டு சாயங்களைத்தான்.

சில கட்டிகள் அவற்றுக்குப் பிடிகொடுப்பதில்லை. பால் நாளத்தைச் சுற்றி வேலிபோல ஓர் அணு வரிசை உண்டு. தீங்கற்ற கட்டியில் வேலி நிற்கும். வெளியே பரவிய புற்றில் இராது. வேலியைக் காட்ட எதிர்ப்புரதம் வேண்டும். 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டினார். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புரதத்தை வேண்டிய மட்டும் உண்டாக்க வழி கண்டார்கள். இப்போது பி63 என்ற குறிப்பானைப் பூசினால் வேலி அணுக்கள் பழுப்பாகத் தெரியும். ஆனால் வேலிக்குள்ளேயே இருக்கும் தொடக்கநிலைப் புற்றிலும் வேலி உண்டு. ஆகவே வேலியை மட்டும் பார்த்து மருத்துவர் தீர்ப்புச் சொல்வதில்லை.

கத்தி பட்டால் பரவும் என்று பயந்து, கட்டியை முந்தானைக்குள் மறைத்து மாதங்களைக் கடத்தும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே அல்ல. புற்றானாலும் சாயம் வழி சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பழுப்பாகத் தெரிந்தால் டாமாக்சிபன் போன்ற மாத்திரை பலன் தரக்கூடும். இந்த ஏற்பியை ஆராய்ந்து நிலைநாட்டியவர் சிக்காகோவின் எல்வுட் ஜென்சன். கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ஈஆர்’ என்று எழுதியிருப்பது அதைத்தான். முடிவு வரச் சில நாள் கூடினால் பதற வேண்டாம். இரண்டாவது சாயத்துக்குப் போயிருக்கலாம்.